ஒரே இரவில் இரண்டு ஊர்

அத்தியாயம் 9

லண்டனுக்கும் கொழும்புக்கும் இடையில் எண்ணாயிரத்து எழுநூறு கிலோமீற்றர். யோகநாதன் நான்கு நாளாக முட்டி மோதியும் அதில் ஒரு கிலோமீற்றர்கூடக் குறைந்தபாடில்லை. வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றின் மாடியில் இருந்த தன் துப்பறியும் கந்தோரில், பள்ளிக்கூடப் பிள்ளைகளின் தேசப்படப் புத்தகத்தை விரித்துவைத்து, தையல் நூலால் அந்தத் தூரத்தை அளந்துகொண்டிருந்தார். கணினியில் ஒரு தட்டுத் தட்டினால் வருகிற விடைதான். தன் கையால் அளந்தாலாவது வேறு மாதிரி வராதா என்ற நப்பாசை அவருக்கு.

"நூலைக் கொஞ்சம் இறுக்கிப் பிடிங்க சேர். ஒரு இருநூறு கிலோமீற்றராவது மிச்சம் பிடிக்கலாம்," என்றான் பிறெடி.

பிறெடி அவருடைய உதவியாளன். கொட்டாஞ்சேனைக்காரன். வேலைக்குச் சேர்ந்த ஆறு வருடத்தில் அவன் கண்டுபிடித்த துப்புகளைவிட அடித்த பகிடிகள்தான் கூட. ஆனால் அவன் இல்லாத நாளில் யோகநாதனுக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. இதை அவர் அவனிடம் இன்றுவரை சொன்னதில்லை.

"பறக்கிற நேரம்?" என்று கேட்டார்.

"நேத்தும் பதினொரு மணித்தியாலம், இண்டைக்கும் பதினொரு மணித்தியாலம். நாளைக்குக் கேட்டா வேணுமெண்டா குறைச்சுச் சொல்றேன்."

யோகநாதன் நூலைச் சுருட்டி எறிந்தார். நாளை என்ற சொல்தான் அவருக்கு எரிச்சலைக் கிளப்பியது. நாளை வெள்ளிக்கிழமை. நாளைக் காலையில் வேலுசாமியை மீண்டும் நீதிமன்றத்துக்குக் கொண்டுவருவார்கள். அதற்குள் கையில் ஒன்றும் இல்லையென்றால் அந்த மனிதன் திரும்பவும் மறியல் சிறைக்குப் போகவேண்டியதுதான்.

விஷயம் இதுதான். கொட்டாஞ்சேனையில் ஒரு தொடர்மாடி. அதன் மூன்றாம் மாடியில் தனியாக இருப்பவள் சுபோதினி, வங்கி உத்தியோகத்தர். அடுத்த மாதம் கல்யாணம். போன வியாழன் காலையில் யாழ்ப்பாணம் போனவள், சனிக்கிழமை திரும்பினாள். அன்றே மத்தியானம் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குப் போய், லண்டனிலிருந்து கல்யாணத்துக்கென்று வந்திறங்கிய தம்பி ஜனாவைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். கதவுப் பூட்டு பூட்டியபடி. அலுமாரிக்குள் இறந்துபோன தாயின் அட்டியலும் காப்புகளும் தாலிக்கொடிக்கென்று வைத்திருந்த பவுணும் இல்லை.

வீட்டுத் திறப்புகள் மூன்று. ஒன்று சுபோதினியிடம். ஒன்று லண்டனில் இருந்த ஜனாவிடம். மூன்றாவது தொடர்மாடியின் காவலாளி வேலுசாமியிடம், தண்ணீர் வருகிற நேரம் தாங்கியை நிரப்புவதற்காகக் கொடுத்தது. பொலிசார் மண்டையைப் போட்டு உடைக்கவில்லை. வேலுசாமியை அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள்.

அவன் மனைவி சீனியம்மா நான்கு நாளாக யோகநாதனின் கந்தோர் வாசல் வாங்கில் வந்து குந்துகிறாள். இன்றும் இருந்தாள். அவர் வெளியே வந்ததும் எழுந்து நின்றாள்.

"ஏதாச்சும் தெரிஞ்சிச்சுங்களா ஐயா?"

"பாத்துக்கொண்டிருக்கிறன் அம்மா."

"அவரு ஊசி நூலுகூட அடுத்தவங்களோடத எடுக்க மாட்டாருங்க. நாளைக்கு விட்டுடுவாங்களா?"

 யோகநாதனுக்குப் பொய் சொல்ல மனமில்லை. செருப்பைத் தேடுகிற பாவனையில் குனிந்துகொண்டார்.

காலி வீதியில் ஓட்டோ ஊர்ந்தது. கொள்ளுப்பிட்டியைத் தாண்டுவதற்குள் யோகநாதனின் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது.

"பதினொரு மணித்தியாலம் பதினொரு மணித்தியாலம் எண்டு சும்மா பயப்படுறீங்க சேர்," என்றான் பிறெடி. "வெள்ளவத்தைல இருந்து கொட்டாஞ்சேனைக்குப் பின்னேரத்தில போற ஆளுக்கு லண்டன் எல்லாம் பக்கத்து ஊர்."

"பிறெடி, அந்த வாயைக் கொஞ்சம் மூடும்."

பிறெடி மூடினான். யோகநாதனின் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்த வாய்தான் மூடவில்லை. கையில் ஒரு சாட்சி இருக்கிறது. சுபோதினியின் எதிர்வீட்டு ஸீனத். ஜனாவைச் சின்னப் பையனாக இருந்த காலத்திலிருந்து தெரிந்தவள். வெள்ளி இரவு அவன் திறப்புப் போட்டு அந்தக் கதவைத் திறந்ததைத் தன் கண்ணால் கண்டேன் என்கிறாள். சாட்சி என்றால் இப்படி இருக்கவேண்டும், தேன் மாதிரி. ஆனால் அதே வெள்ளி இரவு ஜனா லண்டன் விமான நிலையத்தில் நின்று அக்காவுக்கு வீடியோ கோல் எடுத்திருக்கிறான். அப்போது இங்கே நள்ளிரவு. பின்னால் விமான நேரப் பலகை தெரிய, சிரித்தபடி கதைத்திருக்கிறான். போர்டிங் பாஸும் இருக்கிறது. யோகநாதன் அதை விசாரித்துவிட்டார். அசல்தான். அந்த விமானத்தில் அவன் ஏறியதும் உண்மை, சனிக்கிழமை மத்தியானம் வந்திறங்கியதும் உண்மை.

பொழுதுபட்டு ஒன்றிரண்டு மணித்தியாலத்துக்குள் கொட்டாஞ்சேனையில் நின்றவன் நள்ளிரவுக்கு லண்டனில் நிற்க எந்த விமானத்தாலும் முடியாது. ஆகவே ஸீனத் பொய் சொல்கிறாள், அல்லது அவளுக்குக் கண்ணாடி மாற்றவேண்டும். பொலிசார் அப்படித்தான் முடிவுகட்டி அவளை ஒதுக்கிவிட்டார்கள். யோகநாதனால் ஒதுக்க முடியவில்லை. காப்புறுதிக் கம்பனியில் இருபது வருடம் பொய்க்காரர்களோடு குப்பை கொட்டியவர் அவர். அந்தப் பெண் பொய் சொல்லவில்லை. விமானமும் பொய் சொல்லவில்லை. அந்த ஆத்திரத்தை எதில் காட்டுவது என்று தெரியாமல் ஓட்டோவின் கம்பியைப் பிடித்து உலுப்பினார்.

"மாத்தயா, அது கழண்டுரும்," என்றான் ஓட்டோக்காரன்.

மூன்றாம் மாடிக்குப் படியேறி வந்து மூச்சு வாங்கினார்கள். பிறெடி கதவில் தட்டினான்.

"ஸீனத் தாத்தா, நாங்கதான்."

முஸ்லிம் வீடுகளில் அக்காவைத் தாத்தா என்பார்கள். முதல்நாள் இது யோகநாதனுக்கு நினைவில் வராமல், வயதான மனிதரொருவர் வந்து கதவைத் திறப்பார் என்று அவர் காத்து நின்றதை பிறெடி இன்னும் சொல்லிச் சிரிக்கிறான்.

கதவைத் திறந்த ஸீனத்துக்கு ஐம்பது வயதிருக்கும். முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டே பெருமூச்சு விட்டாள்.

"திரும்பவுமா? வாங்க, உள்ளுக்கு வாங்க. கேட்டதையே கேக்கப் போறீங்களா, புதுசா ஏதாச்சும் ஈக்கா?"

"சேர் இண்டைக்கும் தாத்தாவைத்தான் தேடி வந்தீக்கிறார்," என்றான் பிறெடி, அவளைப் போலவே பேசி.

"ஒங்கட தாத்தா வேற, எங்கட தாத்தா வேற எண்டு அண்டைக்கே செல்லிட்டேனே," என்று அவளும் சிரித்துக்கொண்டு இஞ்சிப் பிளேன்டீ கொண்டுவந்து வைத்தாள். யோகநாதன் சிரிக்கவில்லை.

"இன்னொருக்காச் சொல்லுங்கோ. முதலிலயிருந்து."

ஸீனத் கதிரையில் அமர்ந்தாள். "பொழுதுபட்டு மஹ்ரிப் தொழுது, யாசீன் ஓதி முடிச்சிட்டு, குப்பை பேக்க வெளிய வெக்கக் கதவைத் தொறந்த. அந்தப் புள்ள எதிர்க்கதவுல சாவியைப் போட்டுட்டு ஈந்த. நான் ஜனா எண்டு கூப்பிட்ட. அவன் திரும்பிப் பாத்த. ஒண்டும் பேசாம உள்ளுக்குப் போய்க் கதவைச் சாத்திட்ட. எனக்கு மனசு நொந்த. இந்த வீட்டுல எவ்வளவு வட்டிலாப்பம் திண்ட புள்ள அது."

"எப்ப?"

"வெள்ளி ராவு. எத்தின தரம் செல்ற?"

"வெள்ளி இரவு அவர் லண்டனில நிண்டவர்," என்றார் யோகநாதன். குரல் அவரையும் அறியாமல் உயர்ந்துவிட்டது. "எண்ணாயிரத்து எழுநூறு கிலோமீற்றருக்கு அங்கால. அவரின்ர அக்காவே வீடியோவில கண்டவ. நீங்கள் சொல்லுறதை வைச்சுக்கொண்டு நான் கோட்டில என்னத்தைச் சொல்ல?"

ஸீனத்தின் முகம் சிவந்தது. "அப்ப நான் பொய்யா செல்ற? யாசீன் ஓதின வாயால பொய் செல்லுவனா? வேலுசாமி எங்களுக்கும்தான் தண்ணி அடிச்சித் தாற. அந்த மனிசன்ட முகத்துக்காகத்தான் பொலிசுக்கும் போய்ச் சொன்ன. இல்லாட்டி எனக்கு என்னத்துக்கு இந்த வம்பு?"

யோகநாதனுக்கு வெட்கமாகிவிட்டது. கோப்பையை எடுத்து ஒரு மிடறு குடித்தார். நாக்குச் சுட்டது. இனி ஒரே வழிதான், சட்டத்தரணியைப் பிடித்து இவளை நேரில் கதைக்கவிடுவது. அவர் நம்பினால் நம்பட்டும்.

"குறை நினையாதேயுங்கோ. இண்டைக்கு இரவு வெள்ளவத்தைக்கு வருவியளோ? லோயரிட்ட இதை அப்படியே சொல்லிப்போட்டு வந்தாப் போதும். ஓட்டோ அனுப்புறன்."

"இன்டெக்கி ராவு ஏலா சேர். நாளைக்கு காலைல எண்டா வாறேன். வெள்ளி ராவுல நான் எங்கயும் போறல்ல. யாசீன் ஓதோணும்."

"தாத்தா, வெள்ளி நாளைக்கு," என்றான் பிறெடி. "இண்டைக்கு வியாழன்."

"வியாழன் பகலைக்குத்தானே. மஹ்ரிபோட அது முடிஞ்சி. பொறகு வெள்ளி ராவு. நாளைக்கு ராவு சனி ராவு. இது சின்னப் புள்ளைக்கும் தெரியுமே."

யோகநாதன் கோப்பையைக் கீழே வைத்தார். வைத்த கை அதிலேயே நின்றது. வெளியே யாரோ வாளியை இழுத்துக்கொண்டு படியிறங்கும் சத்தம் கேட்டது. பிறெடி எதையோ சொல்ல வாயைத் திறந்து, அவர் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டான்.

"ஸீனத்," என்றார் மெதுவாக. "போன கிழமை நீங்கள் ஜனாவைக் கண்டீங்கள். அடுத்த நாள் விடிய என்ன நாள்?"

"அடுத்த நாள் வெள்ளி. என்ட மகன் ஜும்ஆவுக்குப் போனானே."

"பொலிசில என்ன சொன்னனீங்கள்?"

"வெள்ளி ராவு எண்டுதான் சொன்ன. தமிழ் தெரிஞ்ச ஒரு பொலிஸ் மல்லி, சிக்குறாதா எண்டு எழுதிக்கொண்ட. வெள்ளிக்கு சிங்களத்துல சிக்குறாதா தானே. நானும் சரியெண்டு சைன் வெச்ச." அவள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஏன், நான் ஏதாச்சும் பிழையாச் செல்லிட்டனா?"

"இல்லை," என்றார் யோகநாதன். "நீங்கள் ஒண்டும் பிழையாச் சொல்லேல்லை."

வாசலுக்கு வந்ததும் படிக்கட்டில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். மூன்று தடவை வந்திருக்கிறார். மூன்று தடவையும் அவள் யாசீன் ஓதி முடித்துவிட்டு என்றுதான் சொன்னாள். மூன்று தடவையும் அவர் அதைக் கதைக்கு ஒட்டிய பேச்சு என்று தள்ளிவிட்டு, விமானத்தைப் பிடித்துத் தொங்கினார். ஒரு மனிதன் நாலைந்து நாளாக உள்ளே கிடக்கிறான். தன் தலையில் தானே குட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

"எங்கட ஆக்களும் அப்பிடித்தானே சேர்," என்றான் பிறெடி, பக்கத்தில் குந்தி. "நத்தார் இரவு எண்டா இருபத்தி நாலாம் தேதிதான். இருபத்தைஞ்சு இரவு கேக் முடிஞ்சிரும்."

"இதை நாலு நாளைக்கு முதல் சொல்லியிருக்கக் கூடாதோ?"

"நாலு நாளா என்னை வாயை மூடச் சொல்லித்தானே சேர் சொன்னீங்க."

யோகநாதன் எழுந்தார். எரிச்சல் இன்னும் இருந்தது, ஆனால் இப்போது அது போகவேண்டிய வாசல் எதுவென்று தெரிந்துவிட்டது.

"கேளும். அவன் வியாழன் இரவு இங்க நிண்டவன். வெள்ளி விடியப்புறம் மத்திய கிழக்குப் பக்கத்தால போற பிளேனில ஏறினா, லண்டன் மத்தியானத்துக்கு அங்க போய் இறங்கலாம். வீட்டுக்கும் போகத் தேவையில்லை. பொழுதுபட அங்கயே நிண்டு, அக்காவுக்கு கோல் எடுத்துப்போட்டு, கொழும்புப் பிளேனில ஏறினா சனி மத்தியானம் கட்டுநாயக்கா."

பிறெடி சீட்டியடித்தான். "ஒருக்காப் பறந்தா அவன் நல்ல பிள்ளை. ரெண்டு தரம் பறந்தா கள்ளன்."

"நாங்கள் ஒருக்காத்தான் எண்ணினனாங்கள்," என்றார் யோகநாதன்.

எதிர்க்கதவைத் தட்டினார். சுபோதினி திறந்தாள். மேசை முழுக்கக் கவரிங் நகைப் பெட்டிகள் பரவிக்கிடந்தன. கல்யாணத்துக்கு எதையாவது கழுத்தில் போடத்தானே வேண்டும். ஜனா ஒரு அட்டியலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இது நல்லாயிருக்கு அக்கா. அம்மாட மாதிரியே இருக்கு," என்றவன் யோகநாதனைக் கண்டதும் கைத்தொலைபேசியை எடுத்தான். "வாங்கோ அண்ணை. போர்டிங் பாஸ் இன்னொருக்காப் பாக்கப்போறியளோ?"

"வேண்டாம் தம்பி. அது அசல். வெள்ளிக்கிழமை நீர் லண்டனிலதான் நிண்டனீர். பாஸ்போட்டை ஒருக்காத் தாரும்."

அட்டியல் அவன் விரலிடுக்கில் தொங்கியபடி நின்றது. "பாஸ்போட்டோ? அது... எங்கயோ வைச்சிட்டன். தேடோணும்."

"என்னட்டத்தானே இருக்கு," என்றாள் சுபோதினி. "களவு போன வீடெண்டு அண்டைக்கே நான் எடுத்து என்ர கைப்பைக்குள்ள வைச்சுக்கொண்டு திரியிறன். பொறுங்கோ அண்ணை."

"அக்கா, விடு. நான் பிறகு..."

அவள் அதற்குள் எடுத்துவிட்டாள். யோகநாதன் கை நீட்டவில்லை. "நீங்களே பாருங்கோ பிள்ளை. இலங்கை முத்திரை எத்தினை இருக்கெண்டு."

சுபோதினி பக்கங்களைப் புரட்டினாள். ஒரு பக்கத்தில் நின்றாள். கிட்டப் பிடித்துப் பார்த்தாள். போன செவ்வாய் வந்திறங்கிய முத்திரை. வெள்ளி விடியப்புறம் புறப்பட்டுப் போன முத்திரை. அதற்குப் பக்கத்தில், மை இன்னும் மங்காமல், சனிக்கிழமை வந்த முத்திரை. இவ்வளவு நாளும் அவள் தோளில் தொங்கிய பைக்குள்ளேயே இருந்திருக்கிறது.

 ஜனா அட்டியலை மேசையில் வைத்தான்.

"அம்மாட நகை," என்றான் கடைசியில். "எனக்கும் அவ அம்மாதானே. ஒருத்தரும் என்னட்ட ஒரு சொல்லுக் கேக்கேல்லை. எல்லாம் உனக்கெண்டு நீங்களே முடிவெடுத்தனீங்கள்."

சுபோதினி பாஸ்போட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"செவ்வாய் வந்தனி," என்றாள். "நான் வியாழன் காலமைதான் வெளிக்கிட்டனான். ரெண்டு நாள் நானும் நீயும் ஒரே ஊரில நிண்டிருக்கிறம். எங்க சாப்பிட்டனி?"

ஜனா தலையைக் குனிந்துகொண்டான்.

"வேலுசாமி அண்ணை நாலைஞ்சு நாளா உள்ளுக்க இருக்கிறார். நீ இங்க இருந்து எனக்குக் கவரிங் தெரிஞ்சு தாறாய்." அவள் பாஸ்போட்டை யோகநாதனின் கையில் வைத்துவிட்டு, மேசையிலிருந்த பெட்டிகளை ஒவ்வொன்றாக மூடத் தொடங்கினாள்.

"நகை எங்க தம்பி?" என்று கேட்டார் யோகநாதன்.

"லண்டனில. கூட்டாளி ஒருத்தன்ட வீட்டில. ஒண்டும் விக்கேல்லை."

"பிரச்சினை இல்ல சேர்," என்றான் பிறெடி, தாழ்ந்த குரலில். "வர பதினொரு மணித்தியாலம்தான்."

பொலிஸ் ஜீப் வந்து போனபோது பொழுது சாய்ந்துவிட்டது. பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் பாங்கு தொடங்கியது. எதிர்வீட்டுக் கதவிடுக்கில் நின்று பார்த்துக்கொண்டிருந்த ஸீனத் கதவை மெல்லச் சாத்திக்கொண்டாள். யோகநாதன் படியில் நின்று தொலைபேசியை எடுத்தார். நான்கு நாளில் முதல்தடவையாக, சீனியம்மாவோடு கதைக்க அவருக்குக் கூச்சமாக இருக்கவில்லை.

"அம்மா, ஆளைப் பிடிச்சாச்சு. நாளைக்குக் கோட்டுக்கு வாங்கோ. வேலுசாமியை விடச் சொல்லிப் பொலிசே கேக்கும்."

மறுமுனையில் சீனியம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டாள். "நாளைக்குன்னா வெள்ளிக்கெழமைங்களா ஐயா?"

ஓம் என்று சொல்ல வாயெடுத்தவர் நின்றுவிட்டார். பாங்கு இன்னும் முடியவில்லை. ஸீனத்தின் வீட்டில் இந்நேரம் வெள்ளி வந்திருக்கும். பிறெடி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான்.

"அம்மா, உங்கட வெள்ளிக்கிழமை எப்ப துவங்குது?" என்று கேட்டார் யோகநாதன்.

அவர் பகிடி பண்ணுகிறார் என்று சீனியம்மாவுக்குத் தோன்றவில்லை. யோசித்துத்தான் பதில் சொன்னாள்.

"அவரு வீடு வந்தாத்தாங்க ஐயா எங்களுக்கு வெள்ளியும் செவ்வாயும்."